மணல் திட்டில் கழிந்த இரவு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

போருக்கும் பட்டினிக்கும் பயந்து ஊரை விட்டு ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் போவார்கள், எத்தனை நாளில் போய்ச் சேருவார்கள் என்று கணினியில் கணித்துப் பார்ப்பது என் வேலை. கணிப்பு தவறினால் அரிசியும் கூடாரமும் ஒரு முகாமுக்குப் போய்விடும். மக்கள் இன்னொரு முகாமில் வெயிலில் நிற்பார்கள்.

எங்கள் இராமநாதபுரம் கரைக்கும் இப்படி ஒரு கணினி மாதிரி (மாடல்) செய்து பார்த்தேன். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரு கோடு, படகுக்கு ஒரு வேகம், ஒரே இரவில் கரை. பாம்பனில் மீனவர் அண்ணன் ஒருவரிடம் அதை விளக்கினேன். "வாடை அடிக்கையிலயும் இப்படியேதான் வருவாகளா தம்பி?" என்று கேட்டார். என் நிரலில் காற்றே இல்லை.

அப்புறம் மணல் திட்டுகளைப் பற்றிச் சொன்னார். ரோந்துக்குப் பயந்து, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு முன்பே திட்டில் ஆட்களை இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். 2022 மார்ச்சில், இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் முதலில் வந்தவர்களைக் கைக்குழந்தையோடு கடலோரக் காவல்படை மீட்டதும் ஒரு திட்டிலிருந்துதான். புறப்பட்ட நாள், திட்டில் இறங்கிய நாள், விசாரணை முடிந்து மண்டபம் அகதி முகாமில் பெயர் எழுதிய நாள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் இருப்பது கடைசி நாள் மட்டும். அதோடு ஒப்பிட்டுவிட்டு மாதிரி பிந்துகிறது, முந்துகிறது என்று பேசினால், பிசகு கணினியிலா பதிவேட்டிலா என்றே தெரியாது. படகுக்கூலி இல்லாமல் மன்னாரிலேயே நின்றுவிட்டவர்கள் எந்த முகாம் ஏட்டிலும் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது அவர்கள்தான்.

லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'ஃப்ளீ' என்ற நிரலை 2017-இல் புருண்டி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி நாடுகளின் அகதி நகர்வில் சோதித்தார்கள். முதல் 12 நாட்களுக்குப் பிறகு, அகதிகளில் முக்கால் பங்குக்கு மேல் எந்த முகாமுக்குப் போனார்கள் என்பதை அது சரியாகச் சொன்னது. பெரிய விஷயம்தான். ஆனால் மொத்தம் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டு, யார் எங்கே போனார்கள் என்பதைத்தான் கணித்தது. இதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது கேட்பவரை ஏமாற்றுவது.

இப்போது ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டுகிறேன். ஒரு நாளில் கடக்கும் தூரம், ஓரிடத்தை விட்டுக் கிளம்பும் வாய்ப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறேன். எதைக் கொஞ்சம் அசைத்தால் விடையே புரள்கிறதோ, அதைக் கரைக்குப் போய் விசாரிக்கிறேன். 1990-இல் போருக்குத் தப்பி வந்தவர்களை வைத்துச் சீர்செய்த மாதிரியை 2022-க்கு அப்படியே பொருத்துவதில்லை. குண்டுக்குப் பயந்து ஓடுகிறவரும் பால்மாவு விலைக்கு அஞ்சிக் கிளம்புகிறவரும் ஒரே நேரத்தில் முடிவெடுப்பதில்லை. முடிவை ஒற்றை எண்ணாகத் தராமல் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்றுதான் தருகிறேன். பக்கத்திலேயே காற்றைப் பற்றி என்ன எடுத்துக்கொண்டேன் என்றும் எழுதுகிறேன்.

அடுத்த முறை பாம்பனில் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன்: ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, திட்டில் தவிப்பவர்களை முதலில் பார்ப்பது யார்?