விண்ணப்பக் கடிதத்தில் இடறும் ‘டு’

கல்முனையில் நான் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள் வேலைக்கு அனுப்பும் கடிதங்களைத் திருத்தித் தரச்சொல்லிக் கொண்டுவருவார்கள். எழுத்துப்பிழையை இப்போது ஃபோனே பார்த்துக்கொள்கிறது. ஆனால் ‘ஐ ஹாவ் எக்ஸ்பீரியன்ஸ் டு டீச்’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அது ‘எக்ஸ்பீரியன்ஸ் இன் டீச்சிங்’ என்று இருக்க வேண்டும்.

இங்கிலீஷில் ‘இன்’, ‘ஒஃப்’, ‘ஃபோர்’ போன்ற முன்னிடைச்சொல்லை அடுத்து வினை வந்தால் ‘இங்’ சேர்ந்துதான் வரும். நமக்கு இது புதிதல்ல. ‘படிப்பிப்பதில் அனுபவம்’ என்று நாமும் தொழிற்பெயரோடு உருபைச் சேர்த்துத்தானே பேசுகிறோம்? நம் உருபு பின்னால் ஒட்டும், அவர்களுடையது முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

வம்பு பண்ணுவது ‘கு’ உருபுதான். ‘பிந்தி வந்ததற்குக் காரணம்’ என்று மனதில் நினைத்தால் கை ‘ரீசன் டு கம் லேட்’ என்று எழுதிவிடும். மட்டக்களப்பு பஸ்ஸைத் தவறவிட்டவர் அப்படி எழுதினால், பிந்தி வருவதற்கு அவரிடம் ஏதோ நியாயம் இருக்கிறது என்று பொருளாகிவிடும். நடந்ததை விளக்க ‘ரீசன் ஃபோர் கமிங் லேட்’. முந்திய வேலையை விட்ட காரணம் கேட்கும் படிவங்களிலும் ‘ரீசன் ஃபோர் லீவிங்’ என்றே அச்சடித்திருக்கும்.

டிஃபிகல்ட்டிக்கு ‘இன்’, ரிஸ்க், ஹபிட் இரண்டுக்கும் ‘ஒஃப்’. இதற்கு விதி தேடி மினக்கெடாமல் சொல்லையும் துணையையும் சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

சரி, இனி எல்லாவற்றுக்கும் ‘இங்’ போடலாமா என்றால், கூடாது. எபிலிட்டி, டிசிஷன், பெர்மிஷன் எல்லாம் ‘டு’வும் வெறும் வினையும்தான் கேட்கும். சான்ஸ் இரண்டு பக்கமும் போகும்: ‘சான்ஸ் டு ப்ளே’ என்றால் விளையாடக் கிடைத்த வாய்ப்பு, ‘சான்ஸ் ஒஃப் வின்னிங்’ என்றால் வெல்லக்கூடிய சாத்தியம். அணியில் இடம் கிடைத்தவருக்கு முதலாவது இருக்கும், இரண்டாவது இல்லாமலும் போகலாம்.

கெட்டிக்காரர்களும் சறுக்கும் இடம் ‘ஒப்ஜெக்‌ஷன் டு’. இங்கே ‘டு’வே முன்னிடைச்சொல். இரவு வேலைக்குத் தயார் என்று எழுத ‘நோ ஒப்ஜெக்‌ஷன் டு வேர்க்கிங் அட் நைட்’ என்பதே சரி. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஒப்ஜெக்‌ஷன் டு த ப்ளான்’ நிற்கிறது, ஆகவே ‘இங்’ வரும். ‘எபிலிட்டி டு த ப்ளான்’ நிற்காது, அங்கே வெறும் வினையே போதும்.