ஏழு நாள் அவகாசமும் எழுப்பப்படாத கேள்வியும்

தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு என்னிடம் வந்த மூதாட்டி ஒருவர், மஞ்சள் பையிலிருந்து பதினொரு சீட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். அத்தனையும் உட்பிரிவு பட்டா மாறுதலுக்காக, அதாவது நிலத்தில் தம் பங்கைப் பிரித்து அளந்து தனிப் பட்டா பெறுவதற்காக, அவர் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள். கேட்ட தொகையைக் கொடுக்காததால் நிலத்தை அளக்கவில்லை. அளந்து கல் நடாததால் வரப்புத் தகராறு முற்றி, அவருடைய மகனும் கொழுந்தன் மகனும் அரிவாளோடு எதிரெதிரே நின்று, இன்று இருவர் மீதும் குற்ற வழக்கு நடக்கிறது. பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடத்தும் நான் பார்த்தவரை, இந்தப் பக்கத்து அடிதடி வழக்குகள் பலவற்றின் வேரைத் தேடிப் போனால், கையூட்டுக்காக நிறுத்தி வைத்த ஏதோவொரு கோப்பு கிடைக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2018-இல் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் அளித்தால் அவர் மீது அந்தக் குற்றம் சாராது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஏழு நாள் கணக்கு தெரிவதில்லை. அதே திருத்தம், கையும் களவுமாகப் பிடிபடும் வழக்குகள் நீங்கலாக, அலுவல் முடிவுகள் பற்றி விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்றும் ஆக்கியது. இது விசாரணைக்குப் போட்ட கட்டை என்பதே என் கருத்து.

சட்டம் இயற்றியதோடு சட்டமன்ற உறுப்பினர்களின் கடமை முடிவதில்லை என்பதற்கு நெல்லைக்கு வேறு சான்று வேண்டாம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு தொழிலாளியின் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள் உட்பட, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கிரையானது. அந்தச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனையில் நடவடிக்கை எடுத்தார்கள் என்று அவையில் கேட்டுப் பதில் பெறும் உரிமை சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு. அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவின்படி அவையில் வைக்கப்படும் தணிக்கை அறிக்கையைப் படித்து, பொதுக் கணக்குக் குழுவில் அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்கவும் அவர்களால் முடியும்.

அந்த உறுப்பினர்களும் லஞ்சச் சட்டத்துக்கு விலக்கல்ல. லஞ்சம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்த உறுப்பினருக்கும் பாதுகாப்பு உண்டு என்ற 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பை, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் ஒருமனதாக மாற்றியது.

நம் ஊரில் உறுப்பினரைப் பார்க்கப் போகிறவர்கள், சிபாரிசுக் கடிதம் கேட்கவோ காதுகுத்துக்கு அழைக்கவோதான் பெரும்பாலும் போகிறார்கள். அந்த மூதாட்டிக்காக நான் எழுதிய மனு ஒரேயொரு கேள்வியை அவையில் எழுப்பும்படி கேட்டது: ஓராண்டுக்கு மேல் நிலுவையில் கிடக்கும் உட்பிரிவு மனுக்கள் வட்டவாரியாக எத்தனை, அவை எந்த நிலையில் நிற்கின்றன? பதினொரு சீட்டுகளின் நகலையும் இணைத்தோம். முதலில் அவர் கைரேகை வைத்தார். அடுத்ததாக அவருடைய கொழுந்தன் கையெழுத்திட்டார், ஏனென்றால் அவருடைய பங்கும் இன்னும் அளக்கப்படவில்லை.