சேற்றை அளந்த பிறகே கார்பன் பணம்

ஒரு டன் கரியமில வாயுவைக் குறைக்க ஜெர்மனியில் ஆகும் செலவும் தொண்டிப் பக்கம் ஆகும் செலவும் ஒன்றல்ல. செலவு கூடிய நாடு, குறைந்த செலவில் குறைக்கும் நாட்டுக்குப் பணம் கொடுத்து அந்தக் குறைப்பை வாங்கலாம் என்கிறது பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு. விற்ற டன்னை விற்ற நாடு தன் கணக்கில் காட்டக் கூடாது. ஒரே டன் இரண்டு முறை எண்ணப்பட்டால் வாங்குபவர் விலகிவிடுவார். இதற்கான விதிகள் 2021-இல் கிளாஸ்கோவிலும் 2024-இல் பாகுவிலும் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடுகளில் முடிவாயின.

அலையாத்தி நட்டுக் கரிமம் சேர்ப்பதும் இப்படி விற்கக்கூடிய ஒன்றுதான். தொண்டிக்கு அருகே உள்ள காரங்காடு போன்ற அலையாத்திக் கரைகளில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: ஏற்கெனவே நிற்கும் காட்டுக்குப் பணம் வரும் என்று. நடவுத் திட்டத்தில் அப்படி வராது. நட்டதால் புதிதாகக் கூடிய கரிமத்துக்கு மட்டுமே வரவு.

அதனால் முதல் வேலை மண்ணை அளப்பது. 1 மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, சேற்றைத் துண்டு துண்டாக வெட்டி, 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்த வேண்டும். குழாய்க்குள் சேறு அமுங்கினால் அடர்த்தி தப்பாகிவிடும்; குழியின் ஆழத்தையும் உள்ளே உள்ள சேற்றின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கரையில் கிளிஞ்சல் தூளும் பவளத் தூளும் அதிகம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அவற்றை நீக்காவிட்டால் ஓட்டுக் கரிமமும் கணக்கில் ஏறும். தணிக்கையில் மாட்டும் இடம் இதுதான்.

அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம், கரிமம் 1 சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 80 டன் கரிமம். கரிமத்தைக் கரியமில வாயுவாகக் கணக்கிட 3.67-ஆல் பெருக்கினால் சுமார் 294 டன் கரியமில வாயு. இது இருப்புதான், விற்பனைக்கு இல்லை.

பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நீர் ஏறாத மேட்டில் உப்பு படிந்து வெண்கண்டல் கன்றுகள் கருகும். மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே கொண்டுவர வேண்டும்; வாய்முகம் மணலால் அடைபட்டால் அத்தனையும் வீண், ஆண்டுதோறும் தூர்வாருங்கள். கடற்புல் திட்டில் நட வேண்டாம். அங்கே கன்றும் தங்காது, புல்லும் கெடும்.

கரிமத்தை விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன் ஊர்க் கூட்டத்தில் கேட்க வேண்டியவை: நிலம் வனத்துறையுடையதா, புறம்போக்கா? எத்தனை ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும்? நண்டு பிடிக்கும் உரிமையும் வலை போடும் வழியும் எழுத்தில் இருக்கின்றனவா? பாரிஸ் விதிப்படி வேறு நாட்டின் கணக்குக்கு மாற்ற இந்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அதை யார் வாங்கித் தருவார்?

கோடையில் பொக்லைன் இறங்கும் முன்பே மண் மாதிரிகளை எடுத்துவிடுங்கள். வெட்டிய மண் மேலே விழுந்துவிட்டால் பழைய அளவை எடுக்க வழியில்லை.