ஓடுகிறவர் தட்டில் எவ்வளவு கறி?

ஆட்டுக்கறியையோ மாட்டுக்கறியையோ ஒரு பெரிய துண்டாக எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடம் சிவப்பாக இருக்காது. கத்தரிக்காய் நிறத்தில், கொஞ்சம் கருமை தட்டி இருக்கும். அரை மணி நேரம் காற்றுப்பட விட்டால் பளிச்சென்று சிவக்கும். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால் பழுப்பேறியிருக்கும். அடுப்பில் ஏற்றினால் அந்தப் பழுப்பு சில நிமிடங்களிலேயே வந்துவிடும். தட்டில் கசிந்து நிற்கும் சிவந்த நீரை ரத்தம் என்று நினைத்துப் பலர் முகம் சுளிப்பார்கள். ரத்தம் அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. கசிவது மயோகுளோபின் என்ற புரதம் கரைந்த தண்ணீர்.

தசைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வது மயோகுளோபினின் வேலை. ஒவ்வொரு மயோகுளோபின் மூலக்கூறுக்குள்ளும் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. அது ஆக்ஸிஜனைப் பிடித்திருந்தால் சிவப்பு, வெறுங்கையோடு இருந்தால் ஊதா, கெட்டு ஆக்ஸிஜனைப் பிடிக்கும் திறனை இழந்துவிட்டால் பழுப்பு. நாளெல்லாம் நின்றும் நடந்தும் வாழும் ஆடு மாடுகளின் தசையில் இது நிறைய இருக்கும். எப்போதாவது படபடவென்று சிறகடிக்கும் கோழியின் மார்புத் தசையில் மிகக் குறைவு. அதே கோழியின் தொடைக்கறி சற்று நிறம் கூடியிருக்கிறதே, அதற்குக் காரணம் கோழி காலால் நடந்து திரிவதுதான். நெடுநேரம் மூச்சடக்கி மூழ்கும் திமிங்கலத்தின் கறியோ ஏறக்குறையக் கறுப்பு. 1958இல் ஜான் கென்ட்ரூ முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தபோது எடுத்துக்கொண்டது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மயோகுளோபினைத்தான். 1962இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. விளையாட்டு வீரர்கள் சிவப்பு இறைச்சியை, அதாவது ஆடு மாடு போன்றவற்றின் கறியைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கான பதிலில் பாதி இந்த இரும்பில் இருக்கிறது. கறி தின்றால்தான் பலம் என்ற பழைய நம்பிக்கையை நகர்த்தி வைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

பண்டைய கிரேக்க மல்வீரர் மிலோ நாளொன்றுக்கு ஒன்பது கிலோ இறைச்சி தின்றதாக ஒரு கதை உண்டு. கதைதான். ரோமானிய கிளாடியேட்டர்களுக்கோ ‘பார்லி தின்னிகள்’ என்ற பட்டப்பெயர் இருந்தது. எபேசு நகரில் அவர்களைப் புதைத்த இடத்தில் கிடைத்த எலும்புகளைச் சோதித்து வியன்னா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்துப்போகிறது: அவர்கள் உண்டது பெரும்பாலும் தானியமும் பயறும். சண்டையே தொழிலாகக் கொண்டவர்கள்!

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். தசை வேலை செய்யும்போது தன் புரதத்தையே எரிக்கிறது என்றார் அவர். அப்படியானால் தசையைத் தின்பவனுக்குத்தானே தசை வலு? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 1865இல் ஃபிக், விஸ்லிசெனஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் ஏறினார்கள். முந்தைய நாள் நண்பகலில் இருந்தே புரதத்தைத் தொடவில்லை. மாவையும் கொழுப்பையும் சர்க்கரையையும் வைத்தே ஓட்டினார்கள். வழியெல்லாம் சிறுநீரைச் சேகரித்து, அதில் இருந்த நைட்ரஜனை அளந்து, உடம்பில் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணக்குப் போட்டார்கள். எரிந்த புரதம் தந்திருக்கக்கூடிய ஆற்றல் அந்த உயரத்துக்கு அவர்களைத் தூக்கிச் செல்லப் போதவே இல்லை. மலையேற்றியது மாவும் கொழுப்பும்தான். வேடிக்கை என்னவென்றால், லீபிக்கின் பெயரில் இறைச்சிச் சாறு தயாரிக்கும் நிறுவனம் தொடங்கியதும் அதே 1865இல்தான்.

நூறு ஆண்டு கழித்து இதைவிட அழகான ஒரு சோதனை நடந்தது. சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மிதித்த கால் இனி முடியாது என்று சோரும்வரை மிதித்தார்கள். மற்ற கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் தொடைத் தசையில் துளித்துளியாக எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை சும்மா இருந்த காலைவிட இரு மடங்கு ஏறியிருந்தது. 1966இல் வெளியான இந்த முடிவில் இருந்துதான் மாரத்தான் ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன் மாவுச்சத்தை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் வந்தது.

இனி கறிக்கு வருவோம். கறியில் மாவுச்சத்து கிட்டத்தட்டப் பூஜ்யம். உயிரோடு இருந்தபோது அந்த விலங்கின் தசையிலும் கிளைகோஜன் இருந்தது. அறுத்த சில மணி நேரத்தில் அது லாக்டிக் அமிலமாக மாறிப்போகிறது. எனவே 300 கிராம் சமைத்த கறியைத் தட்டில் போட்டுக்கொள்ளும் வீரருக்கு ஏறக்குறைய 80 கிராம் புரதம் கிடைக்கிறது, ஓடுவதற்கான சர்க்கரை கிடைப்பதில்லை. அந்த 80 கிராமிலும் ஒரு வேளைக்குத் தசை கட்ட உதவுவது 20 முதல் 40 கிராம் வரைதான் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 70 கிலோ எடையுள்ள வீரருக்கு ஒரு நாளைக்கு 84 முதல் 140 கிராம் புரதம் போதும். தினமும் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவர் என்றால் மாவுச்சத்தோ 420 முதல் 700 கிராம் வரை வேண்டும். வயிறு ஒன்றுதான். கறி அடைத்துக்கொண்ட இடத்தில் சோறோ ரொட்டியோ போகாது. என்னைக் கேட்டால், வீரர்களுக்குக் கறியால் வரும் முதல் நஷ்டம் கறிக்குள் இருப்பதால் வருவதில்லை, அது தட்டில் இருந்து எதைத் தள்ளிவிடுகிறதோ அதனால் வருவது.

சரி, கறியில் மட்டும் கிடைக்கும் சங்கதி ஒன்றும் இல்லையா? கிரியேட்டின் என்பார்கள். நூறு மீட்டர் ஓட்டம், பளுதூக்குதல் போன்ற சில விநாடி வெடிப்புகளுக்குத் தசை நம்பியிருக்கும் பொருள் அது. 1832இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதை இறைச்சிச் சாற்றில் இருந்துதான் பிரித்தார். உடம்பும் தானே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தயாரித்துக்கொள்கிறது. கறி உண்ணாதவர்களின் தசையில் இது சற்றுக் குறைவாக இருப்பதும் உண்மை. ஆனால் ஒரு கிலோ பச்சைக் கறியில் இருப்பதே நாலரை கிராம் அளவுதான், சமைக்கும்போது அதிலும் கொஞ்சம் போகும். பயிற்சியாளர்கள் பரிந்துரைக்கும் 3 முதல் 5 கிராமைக் கறியில் இருந்தே எடுப்பேன் என்றால் தினமும் முக்கால் கிலோவுக்கும் குறையாமல் தின்ன வேண்டும். ஒரு சின்னக் கரண்டிப் பொடியில் முடிகிற வேலை. அந்தப் பொடியும் ஆலையில் செயற்கையாகச் செய்வது, விலங்கில் இருந்து எடுப்பதில்லை. வைட்டமின் பி12 முட்டையிலும் பாலிலும் மீனிலும் உண்டு. இவை எதையும் தொடாதவர்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மிச்சம் இருப்பது இரும்பு. இங்கேதான் கறிக்கு உண்மையான மதிப்பு.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும், ஓர் ஆணி அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில், ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடுபவர்கள் இதைப் பல வழிகளில் சிந்துகிறார்கள். கால் தரையில் ஓங்கி விழும் ஒவ்வொரு முறையும் பாதத்து நுண்குழாய்களில் சில சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர்களுக்குச் சிறுநீர் சிவந்து போவதை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வியர்வையில் கொஞ்சம் போகிறது. கடும் ஓட்டத்தில் குடலில் லேசாக ரத்தம் கசிவதும் உண்டு. பெண்களுக்கு இதற்கு மேல் மாதவிடாய்.

இழப்பது பாதிக் கதைதான். கடுமையாகப் பயிற்சி செய்தபின் உடம்பில் ஒருவகை அழற்சிச் சமிக்ஞை எழுகிறது. அதைக் கேட்டு ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடலில் இருந்து ரத்தத்துக்கு இரும்பு நுழையும் வாசலுக்கு இதுதான் காவல்காரன். பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் உச்சத்துக்கு ஏறி வாசலைச் சாத்துகிறது. அந்த நேரத்தில் என்னதான் இரும்பு நிறைந்த சாப்பாடு போட்டாலும் பெரும்பகுதி உள்ளே போகாமலே வெளியேறிவிடும். நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி செய்பவருக்குக் கதவு திறந்திருக்கும் நேரமே குறைவு.

அந்தக் குறுகிய நேரத்தில் எந்த இரும்பு உள்ளே நுழைகிறது? செடிகொடிகளில் இருக்கும் இரும்பில் 2 முதல் 20 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்கிறது. கீரை, பயறு, தானியம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அவற்றிலேயே இருக்கும் பைட்டேட் போன்ற பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒரு காரணம். தேநீரும் காப்பியும் அந்தப் பிடியை இன்னும் இறுக்குகின்றன, வைட்டமின் சி தளர்த்துகிறது. கறியின் இரும்போ ‘ஹீம்’ என்ற வளையத்துக்குள் பத்திரமாக அடைபட்டு, வளையத்தோடு உள்ளே போகிறது. 15 முதல் 35 சதவீதம் வரை சேர்கிறது. போதாததற்கு, கறியோடு சேர்த்து உண்ணும் பயறின் இரும்பையும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது.

இரும்பு குறையும்போது உடம்பு உடனே காட்டிக்கொடுக்காது. முதலில் சேமிப்பு கரையும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். நேற்று எளிதாக ஓடிய வேகத்தில் இன்று மூச்சு வாங்குகிறது, மேடு ஏறினால் கால் கனக்கிறது. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவிட்டால் பிரச்சினை தெரியாமலே போகும். சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய முரணாகப் படுவது ஒன்று உண்டு. தட்டு நிறையக் கறி குவித்துக்கொள்பவர் பெரும்பாலும் உடல் பருத்த, பளு தூக்கும் ஆண். அவருக்குத்தான் இந்த இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை. கூடுதல் இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி எதுவும் கிடையாது, பரம்பரையாக இரும்பு தேங்கும் கோளாறு உள்ளவர் என்றால் ஈரலுக்கே ஆபத்து. எடை கூடிவிடுமோ என்று கறியை ஒதுக்கி, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு, வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிற இளம்பெண்ணுக்குத்தான் அது தேவை. ‘வீரர்கள் கறியைக் குறைக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் அதைக் கேட்டு நடப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? முதலாமவர் அல்ல.

குறைக்கச் சொல்வதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், உப்பிட்டு, புகையூட்டிப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது. சிவப்பு இறைச்சியை ‘அநேகமாக உண்டாக்கும்’ என்ற அடுத்த பட்டியலில் வைத்தது. பட்டியல் சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான், ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு, இருப்பதைவிட 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. சங்கடம் என்னவென்றால், இதில் சந்தேகிக்கப்படுபவற்றில் நாம் மேலே புகழ்ந்த அதே ஹீமும் ஒன்று. கருக வாட்டும்போது உண்டாகும் பொருட்கள் இன்னொன்று. கறியின் கொழுப்பு ரத்தக் கொழுப்பை ஏற்றுவது தனி. தினமும் ஓடுவது குடல் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும் என்பதும் உண்மைதான், அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று யாரும் கணக்குத் தீர்த்துக்கொள்ள முடியாது.

வீரர்களுக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. கால்நடைகளுக்குக் கொழுப்பு குறைந்து சதை போட வேண்டுமென்று சில இடங்களில் கிளென்பியூட்டரால் என்ற மருந்தைச் சட்டத்தை மீறிக் கொடுக்கிறார்கள். அது ஊக்கமருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. 2011இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் 208 வீரர்களின் சிறுநீரைச் சோதித்ததில் 109 பேரிடம் அது தென்பட்டது. காரணம் சாப்பிட்ட கறி என்று முடிவானதால் யாரையும் தண்டிக்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணி, தட்டில் விழும் கறி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

அப்படியானால் எவ்வளவு? சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளும்படி உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்கிறது. மூன்று வேளைக்கு உள்ளங்கையளவுத் துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். வீரர்களுக்கும் இதைத் தாண்ட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பதப்படுத்தியதை முடிந்தவரை விட்டுவிடலாம். கறி உண்ணாதவர் அதற்காக ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஃபெரிட்டினை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். கொழுப்புள்ள கறி வயிற்றில் நெடுநேரம் தங்கும் என்பதால் போட்டி நாள் காலையில் வேண்டவே வேண்டாம். அந்த நூறு கிலோமீட்டர் பெண் கறி உண்பவர் என்றால், காலைப் பயிற்சி முடிந்த கையோடு, ஹெப்சிடின் ஏறுவதற்குள், கொழுப்பில்லாத சின்னத் துண்டு, கூடவே பயறும் ஓர் ஆரஞ்சும், வயிறு நிறையச் சோறோ ரொட்டியோ. தேநீரை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடட்டும்.