கரிமப் புள்ளி

2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில், மின்வில்லில் உண்டான புகைக்கரியிலிருந்து கார்பன் நானோகுழாய்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குழாய்களோடு சில நுண்துகள்களும் தனியே பிரிந்து வந்தன. புற ஊதா ஒளி பட்டதும் அவை ஒளிர்ந்தன. 2006-ல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சுன் குழு இவற்றுக்கு வைத்த பெயர் 'கார்பன் டாட்ஸ்'. பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் சிறியவை.

'கார்பன்' என்பதன் வேர், லத்தீனில் கரியைக் குறிக்கும் 'கார்போ'. 1787-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேயும் அவருடைய கூட்டாளிகளும் அதைத் தனிமத்தின் பெயராக்கினார்கள். நம் 'கரி'யும் அதுவும் ஒரே வேரா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது. கரிதல், கருகல், கருமை என்று நம் சொல்லுக்குத் தனிக் குடும்பமே இருக்கிறது. கரியமில வாயு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதிலும் அந்தக் கரிதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் கார்பன், இலங்கையில் காபன். தனித்தமிழ் வழக்கில் கரிமம்.

சரி, 'கார்பன் டாட்'டை எப்படிச் சொல்வது? 'கரும்புள்ளி' என்றால் களங்கம் என்றாகிவிடும். 'கரிப்புள்ளி'யும் கறுப்பாகவே கண்ணில் படும். இது ஒளிரும் பொருளாயிற்றே! 'கரிமப் புள்ளி'தான் பொருத்தம் என்பேன். 'கரிம வேதியியல்' என்பதில் வரும் கரிமம் 'ஆர்கானிக்' என்ற வேறு பொருள் தருமே என்று தயங்கலாம். புள்ளியோடு சேரும்போது அந்தக் குழப்பம் வராது.

அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்போம் அல்லவா? கிட்டத்தட்ட அப்படித்தான், 2007-ல் மெழுகுவர்த்திப் புகைக்கரியை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து இந்தப் புள்ளிகளைப் பிரித்தார்கள். விரலில் ஒட்டினால் அப்பிக்கொள்ளும் அதே கரி, புற ஊதா ஒளியில் பல நிறங்களில் மின்னியது. துகளின் அளவும் அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வேதித் தொகுதிகளும் நிறத்தை மாற்றுகின்றன. பல வகைகளில், பாய்ச்சும் ஒளியை மாற்றினாலே ஒளிரும் நிறமும் மாறிவிடும்.

இவை ஒளியை வாங்கி மூன்று விதமாகச் செலவழிக்கும். ஒளியாகவே திருப்பித் தந்தால் ஒளிர்வு. உயிரணுக்களைப் படம்பிடிக்க உதவும். எலக்ட்ரானைக் கைமாற்றி வேதிவினையைத் தூண்டினால் ஒளிவினையூக்கம். கார்பனும் நைட்ரஜனும் கலந்த சேர்மமான கார்பன் நைட்ரைடோடு இவற்றைச் சேர்த்து, சூரிய ஒளியில் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்ததாகச் சீனாவின் சூச்சோ ஆய்வாளர்கள் 2015-ல் அறிவித்தார்கள். வெப்பமாக மாற்றினால் ஒளிவெப்பச் சிகிச்சை: புற்றுக்கட்டியில் துகளைச் சேர்த்து, தோலைக் கடந்து ஓரளவு உள்ளே போகும் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சுடுவது.

இவற்றுக்கு முன்பே 'குவாண்டம் புள்ளிகள்' என்ற ஒளிரும் குறைக்கடத்தி நுண்துகள்கள் இருந்தன. அவற்றில் பலவற்றில் காட்மியம் உண்டு, அது நஞ்சு. கரிமப் புள்ளியில் அந்த உலோகம் இல்லை. மருத்துவ ஆய்வாளர்கள் இதை நாடி வர முக்கியக் காரணம் அதுவே. ஆனால் ஒளிவெப்பச் சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் இன்னும் உயிரணு வளர்ப்புத் தட்டிலும் சுண்டெலியிலும்தான் நடக்கின்றன.