“லினக்ஸ் வேலை செய்யல அண்ணா”

பகலில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு எங்கள் ஊர் லினக்ஸ் பயனர் குழுவின் டெலிகிராமை எட்டிப் பார்ப்பேன். விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்தான் லினக்ஸ். “அண்ணா, ஒரு டவுட் கேட்கலாமா?” என்று யாராவது கேட்டிருப்பார்கள். “கேளுங்க” என்று பதில் போவதற்குள் கேட்டவர் தூங்கியிருப்பார். அனுமதி எதற்கு? நேராகக் கேட்டுவிடலாம்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவன் நேராகவே கேட்டான். “உபுண்டுல எதுவுமே சேவ் ஆகல, அவசரம்.” அவ்வளவுதான் செய்தி. ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் என்றார் ஒருவர். டிரைவ் முழுக்க 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத, இயக்க அனுமதி, கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். வழக்கம்போல ஒருவர் வேறு டிஸ்ட்ரோவுக்கு, அதாவது உபுண்டு மாதிரியான இன்னொரு லினக்ஸ் வகைக்கு, மாறச் சொன்னார். முக்கால் மணி நேரம் இப்படியே ஓடியது.

“திரையில என்ன வருதோ அதை அப்படியே காப்பி பண்ணிப் போடுப்பா” என்றேன். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தது. படிக்கலாம், எழுத முடியாது என்று அர்த்தம். எந்த டிரைவ்? விண்டோஸின் டி டிரைவ். அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருப்பதை அதுவரை அவன் சொல்லவே இல்லை.

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் அதன் டிரைவில் வேறு யாராவது எழுதினால் கோப்புகள் குழம்பிவிடும். அதனால்தான் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. விண்டோஸுக்குள் போய் பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிட்டு அணைக்கச் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அந்த 777 யோசனை இங்கே பலித்திருக்காது. அதையே அவன் பதற்றத்தில் ரூட்டிலிருந்து, அதாவது எல்லாக் கோப்புகளையும் உள்ளடக்கிய மேல்மட்டத்திலிருந்து, மொத்தமாகக் கொடுத்திருந்தால், நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்டும் சுடோவே வேலை செய்யாமல் போய் உபுண்டுவை மறுபடி நிறுவ வேண்டி வந்திருக்கும். சொன்னவர் நல்ல மனுஷர்தான், உதவ வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனாலும் சுடோ என்று தொடங்கும் எந்தக் கட்டளை வரியையும், நான் கொடுத்தாலும் சரி, “இது என்ன செய்யும்?” என்று கேட்காமல் ஒட்டாதீர்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்பவரின் வரியைக் கட்டாயம் ஒட்டாதீர்கள்.

தமிழிலேயே கேளுங்கள், பிழைச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் வந்தபடியே போடுங்கள். மொபைலில் கோணலாக எடுத்த படத்தைவிட எழுத்தாக ஒட்டுவது நல்லது, நாங்கள் தேடிப் பார்க்க முடியும். எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, இதுவரை என்ன முயன்றீர்கள் என்பதும் வேண்டும். “நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு” என்றால் நேற்று எதை அப்டேட் செய்தீர்கள் என்பதுதான் என் அடுத்த கேள்வி. கணினி தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாகை ஒட்டுவதற்கு முன் அதில் பாஸ்வேர்டு, அதைப் போன்ற ரகசிய டோக்கன் ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒருவர் வேலை செய்யும் இடத்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பைப் போட்டதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்பாக்ஸில் கேட்பவர்களையும் குழுவுக்கே அனுப்பிவிடுவேன். பிகு அல்ல. நான் தப்பாகச் சொன்னால் அங்கே திருத்த நாலு பேர் இருப்பார்கள். பெண்கள் ஏதாவது கேட்டால் “தனியா வாங்க, சொல்லித் தர்றேன்” என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அப்படி வந்தால் தயங்காமல் அட்மினிடம் சொல்லிவிடுங்கள்.

நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. காஞ்சிபுரம், விழுப்புரம், புதுச்சேரியிலும் லினக்ஸ் போல யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான குழுக்கள் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது, அதனால் பதில் வர ஒரு நாள் ஆகலாம்.

அந்த மாணவனின் பழைய லேசர் பிரிண்டருக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. தயாரித்த நிறுவனம், பிரிண்டரை லினக்ஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிப்பதை எப்போதோ விட்டுவிட்டது. அடுத்த சந்திப்புக்குப் பிரிண்டரையே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறான்.