தோள் தப்பிக்கும், காது மாட்டிக்கொள்ளும்

நான் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர். இங்கே அக்டோபர் கடைசியில் துப்பாக்கியால் எல்க் மான் வேட்டையாடும் சீசன் தொடங்கும். அதற்கு முன்பே பலர் ரைஃபிளோடு பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல் என என்னிடம் வருவார்கள். வலது தோளில் துப்பாக்கியின் பின்கட்டையை வைத்துச் சுடுபவரின் இடது காது குழல் வாயைப் பார்த்து இருக்கும். வலது காதைத் தலையே ஓரளவு மறைத்துவிடும். அதனால் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இடது காதின் கோடு கூடுதலாக இறங்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

“உதை தாங்க முடியலை, மசில் பிரேக் போட்டுடலாம்னு இருக்கேன்” என்று இவர்களில் பலர் சொல்வார்கள். உதை என்பது சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளுவது. தோளுக்கு அது நல்ல யோசனைதான். குழல் முனையில் திருகி மாட்டும் இந்தத் துண்டில் பக்கவாட்டுத் துளைகள் இருக்கும். முன்னால் பாய வேண்டிய வாயுவை அது பக்கத்திலும் பின்னாலும் திருப்பிவிடும், உதை குறையும். வெடிச்சத்தமும் அதே வழியில் சுடுபவரை நோக்கித் திரும்பும். 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டும் வெடிச்சத்தமே காதுக்கு ஆபத்து. வேட்டை ரைஃபிள் சாதாரணமாகவே 155க்கு மேல் போகும். பிரேக் மாட்டினால் இன்னும் 5 முதல் 10 டெசிபல் வரை கூடலாம்.

பிரேக்கால் வாயு தரும் உதையைத்தான் குறைக்க முடியும், குண்டு தரும் உதையை அல்ல. .308 என்ற தோட்டா வகையைச் சுடும் ரைஃபிளில் வாயுவின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. வெடிமருந்து அதிகம் நிரப்பும் .300 வின்செஸ்டர் மேக்னம் வகையில் அது இன்னும் கூடும், பிரேக்கின் பலனும் கூடும். சிறிய தோட்டாவான .223க்கு உதையே குறைவு. வேட்டைக்காரருக்கு அதில் பிரேக் தேவையே இல்லை.

பிரேக் வாங்கும் முன் முதலில் ரைஃபிளின் எடையைப் பாருங்கள். 3.4 கிலோ .308 சுமார் 22 ஜூல் உதைக்கிறது என்றால், அதே தோட்டாவுக்கு 4.4 கிலோ ரைஃபிள் 17 ஜூல்தான் உதைக்கும். சரி, அந்த ஒரு கிலோவை மலையேற்றத்தில் சுமப்பது நீங்கள்தான்! அதற்கு மனமில்லாதவர்கள் நல்ல ரப்பர் பேட், கை நீளத்துக்குப் பொருந்தும் கட்டை, சிறிய தோட்டா என்று போகலாம்.

ஒரு சோதனையும் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் நண்பரை நடுவில் ஒரு டம்மி (வெடிக்காத) தோட்டா போடச் சொல்லுங்கள். டிரிகரை இழுத்ததும் ‘க்ளிக்’ மட்டும் கேட்டு, குழல் முனை கீழே குனிந்தால் வெடிக்கும் முன்பே உடம்பு பயந்துவிட்டது என்று பொருள். அந்தப் பயத்தில் பாதி சத்தத்துக்கானது என்பது என் எண்ணம். காதுக்குள் அடைக்கும் ஃபோம் பிளக், அதன்மேல் காதையே மூடும் மஃப் என இரண்டையும் போட்டுச் சுட்டுப் பாருங்கள். பிளக்கை உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்து நுழைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். கட்டையில் கன்னம் பதியும்போது மஃப்பின் ஓரம் தூக்கிக்கொள்கிறதா, கண்ணாடிக் காம்பு இடைவெளி விடுகிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் உதை தாங்கவில்லை என்றால், அல்லது தோளில் அறுவைசிகிச்சை ஆகியிருந்தால், எடை குறைந்த மேக்னத்துக்குப் பிரேக் போடுவதில் தவறில்லை. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், ஓரத்து மேசையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து மேசைக்காரர் பாவம். காட்டில்தான் சிக்கல்: மான் எதிரே நிற்கும்போது யாரும் மஃப்பைத் தேடுவதில்லை, அருகில் நிற்கும் வழிகாட்டியின் காதும் வெறுமையாக இருக்கும். மெல்லிய ஒலியைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் தடுக்கும் எலக்ட்ரானிக் மஃப்பை முதலிலிருந்தே மாட்டிக்கொண்டு நடக்கலாம். வேட்டைக்கு மட்டும் பிரேக்கைக் கழற்றுவதானால் குறி மாறியிருக்கக்கூடும், மறுபடி சரிபாருங்கள்.

குழல் முனையில் மாட்டும் ஒலி குறைப்பானான சப்ரஸர் உதையையும் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கும். மொன்டானாவில் வேட்டைக்கும் அனுமதி உண்டு. ஃபெடரல் (மத்திய அரசுப்) பதிவு வேண்டும், முனையில் நீளமும் எடையும் கூடும். என்னிடம் கேட்டால் பிரேக்குக்கு முன்னால் அதைத்தான் சொல்வேன்.

சுட்ட மறுநாளும் காது அடைப்போ இரைச்சலோ போகவில்லை என்றால், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.